கடல் இல்லாத ஊரின் கடற்கரை

2023 ஜனவரி 5ஆம் தேதி காலை, கோவாவின் வடகோடியில் மோப்பா மேட்டுநிலத்தில் புதிதாகக் கட்டிய மனோகர் பன்னாட்டு விமான நிலையத்தில் முதல் பயணிகள் விமானம் வந்திறங்கியது. மும்பையிலிருந்து வந்திருக்கலாம், டெல்லியிலிருந்து வந்திருக்கலாம். வந்தது ஹைதராபாத்திலிருந்து. அந்த நிலையத்தை நடத்துவதும் ஹைதராபாத்தின் ஷம்ஷாபாத் விமான நிலையத்தை நடத்துகிற அதே ஜிஎம்ஆர் குழுமம்தான். மறு ஆண்டு அக்டோபரில் செகந்திராபாத்துக்கும் கோவாவின் வாஸ்கோவுக்கும் இடையே நேரடி ரயிலும் வந்துவிட்டது. அதுவரை பெட்டிகளைக் குண்டக்கல்லில் வேறு வண்டியோடு கோத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஹைதராபாத்திலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க அரைநாளாவது ஆகும். தக்காணப் பாறைமேல் உட்கார்ந்திருக்கிற ஊர். ஆனாலும் இங்கே வேலைக்குச் சேர்ந்த எந்த இளைஞரைக் கேட்டாலும் அவருக்கு ஒரு கடற்கரை இருக்கிறது. அது கோவாவில் இருக்கிறது. 2018இல் வந்த ‘ஈ நகரானிகி ஏமைந்தி’ என்ற தெலுங்குப் படத்தில் ஹைதராபாத் நண்பர்கள் நால்வர் போதையில் கிளம்பிக் கோவாவில் போய் விழிக்கிறார்கள். நமக்கு 2010இலேயே வெங்கட் பிரபுவின் ‘கோவா’ வந்துவிட்டது; கிராமத்து இளைஞர்கள் மூவர் அதே ஊரைத் தேடிப் போனார்கள். இரண்டுக்கும் மூத்தது 2001இன் ‘தில் சாஹ்தா ஹை’. அந்தப் படத்து நண்பர்கள் உட்கார்ந்த சாபோரா கோட்டைச் சுவரில் உட்கார்ந்து படமெடுத்துக்கொள்ள இன்றும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சினிமா ஓர் ஊருக்கு வழி காட்டிவிட்டால் பிறகு கைகாட்டி மரமே வேண்டாம்.

நானும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு அந்த ரயிலில் போனேன். எதிர் இருக்கைகளில் மாதாப்பூர் பக்கம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் பையன்கள். பல்லாரி தாண்டியதும் அவர்களில் ஒருவன் தெலுங்கில் கேட்டான்: “தனியாவா அண்ணா?”

“தனியாத்தான்.”

“கோவாவுக்குத் தனியா யாராவது போவாங்களா!” என்று சிரித்துவிட்டு, தங்கள் ஏற்பாட்டைச் சொன்னான். “பாகாவுல ரூம் போட்டிருக்கோம். பீச்சுக்கு ரெண்டே நிமிஷம்.”

அந்த ‘இரண்டு நிமிடம்’ என் மனதில் தங்கிவிட்டது. விடுதிகளின் விளம்பரங்களில் நீச்சல்குளம், காலை உணவு எல்லாவற்றுக்கும் மேலே அதுதான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அலைக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு வாடகை. கோவாக் கடற்கரையின் பொருளாதாரம் முழுவதும் அந்தத் தூரத்தைக் குறைப்பதில் இருக்கிறது. அதன் சட்டச் சண்டைகள் முழுவதும் அதே தூரத்தைப் பற்றியவைதான்.

காலங்காலமாகப் பையைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. டாக்சியை விட்டுப் பேருந்தில் போவது, பலர் படுக்கும் பொது அறையில் ஒரு கட்டிலை எடுத்துக்கொள்வது, பெரிய ஓட்டல் வாசலை ஏளனமாகப் பார்ப்பது. கலங்குட் கடற்கரைப் படிக்கட்டில் நின்றால் இந்தக் கர்வத்துக்கு நல்ல தீனி கிடைக்கும். கீழே நிற்கிற கூட்டத்துக்குள் மணலைத் தேட வேண்டியிருக்கிறது. நீர் ஸ்கூட்டர்களின் இரைச்சல், பாராசூட்டில் ஆளை ஏற்றி இழுக்கும் படகுகள், வரிசை வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், பின்னால் ஓலை வேய்ந்த ஷாக் உணவகங்கள், அவற்றுக்குப் பின்னால் காங்கிரீட். ‘ஹைதராபாதி பிரியாணி’ என்ற பலகையைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். சில பலகைகள் தெலுங்கிலேயே இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் 15 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட மாநிலத்துக்கு இப்போது ஆண்டுக்கு ஒரு கோடிப் பேர் வந்து போகிறார்கள். பார்த்த மாத்திரத்தில் ‘கெடுத்துவிட்டார்கள்’ என்ற சொல் வாயில் வந்துவிடும்.

யார் கெடுத்தது என்று பின்னோக்கிப் போனால் முதலில் கண்ணில் படுவது இன்னொரு முதுகுப் பைதான். 1960களின் கடைசியில் இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல் வழியே தரைமார்க்கமாக வந்த வெள்ளைக்கார இளைஞர்கள் கலங்குட்டிலும் அஞ்சுனாவிலும் குளிர்காலத்தைக் கழித்தார்கள். ‘எட்டு விரல் எடி’ என்று பெயர் வாங்கிய ஆர்மீனிய வம்சாவளி அமெரிக்கர் அவர்களில் பேர்போனவர். 2010இல் கோவாவிலேயே இறந்தார். கையில் காசு தீர்ந்தவர்கள் கிதாரையும் கேமராவையும் விற்க விரித்த கடைகள்தான் அஞ்சுனாவின் புதன்கிழமைச் சந்தையாக வளர்ந்தன. 1979இல் ஈரானில் புரட்சி. அந்த ஆண்டுக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள். தரைவழி அடைபட்டது. அதற்குள் ஊரின் பெயர் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. 1983இல் காமன்வெல்த் தலைவர்கள் ஓய்வெடுக்க அழைத்துவரப்பட்டது அகுவாதா கோட்டைப் பக்கத்து விடுதிக்குத்தான். 1980களின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து வாடகை விமானங்கள் நேராக வந்து இறங்கத் தொடங்கின. ‘ஜாக்ருத் கோயங்காராஞ்சி ஃபவுஜ்’ என்ற உள்ளூர் அமைப்பினர் அந்தப் பயணிகள் ஏறிய பேருந்துகள்மேல் சாணியடித்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

இந்த வரலாற்றில் ஒரு படிவரிசை இருக்கிறது. முதலில் வந்தவர் மீனவர் வீட்டுத் திண்ணையில் படுத்தார். அடுத்து வந்தவருக்கு உள்ளே ஓர் அறை ஒழித்துக் கொடுத்தார்கள். பிறகு அறைக்கு மேல் மாடி எழுந்தது. மாடி வைத்தவருக்குப் பக்கத்து மனை விலைக்கு வந்தது, வாங்கியவர் வெளியூர்க்காரர். இதற்குள் முதலில் வந்தவர் ‘இந்த இடம் முடிந்துவிட்டது’ என்று சொல்லிவிட்டு அடுத்த கடற்கரைக்குப் போய்விட்டார். கலங்குட்டிலிருந்து அஞ்சுனா, அங்கிருந்து அரம்போல், தெற்கே பலோலெம், மாநில எல்லை தாண்டிக் கோகர்ணத்தின் ஓம் கடற்கரை. அப்பரும் சம்பந்தரும் பாடிய திருக்கோகர்ணம் அது. துளுவ நாட்டின் பாடல் பெற்ற தலம். மூட்டையோடு வந்த பக்தன் கோயிலைச் சேவித்துவிட்டு ஊர் திரும்பினான். முதுகுப் பையோடு பின்னால் வந்தவன் அடுத்தவனுக்கும் முகவரி எழுதிக் கொடுத்தான்.

ஆனால் பயணியை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றிவிட்டால் கணக்கு நேராகாது. ஆள் எண்ணிக்கையால் மட்டும் கடற்கரை அழியுமென்றால் மெரீனா எப்போதோ அழிந்திருக்கும். கூட்டம் மாலையில் வந்து இரவில் கலைந்துவிடும். கலையாமல் நிற்பது கட்டடம்.

தவிர, பயணிகள் ஏங்குகிற அந்தப் ‘பழைய, காலியான’ கடற்கரை எந்தக் காலத்திலும் காலியாக இருந்ததில்லை. கோவாவில் ராம்பொண் என்றொரு வலை உண்டு. நம் கடலோரத்தின் கரைவலைக்கு உறவு. படகில் வலையை எடுத்துப்போய்க் கடலில் அரைவட்டமாக விட்டு, இரு முனைகளையும் கரையில் நின்று ஊரே இழுக்கும். அப்படி இழுப்பதற்கு நீளமான, அகலமான, தடையற்ற மணல் வேண்டும். இழுத்த மீனைக் கொட்டிப் பிரிக்க, காயவைக்க, வலை உலர்த்த, மழைக்காலத்தில் படகை மேலேற்றி வைக்க, எல்லாவற்றுக்கும் அதே மணல் வேண்டும். நெய்தல் பாட்டுகளில் உணக்கிய மீனுக்குப் பறவை விரட்டி உட்கார்ந்திருக்கும் பெண்களைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அது மனிதர்கள் வேலை செய்த களம். வேலை இல்லாத நேரத்தில் வந்து பார்த்தவர்கள் அதை வெற்றிடம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ராம்பொண்காரர்களுக்கு முதல் அடி கடல் பக்கமிருந்து விழுந்தது. அரசு மானியத்தில் வந்த இழுவை விசைப்படகுகள் கரையோரம்வரை வந்து மீனை வாரிப் போயின. 1970களில் அவர்கள் திரண்டு போராடியதன் விளைவாக 1980இல் கோவாவின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அந்தப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியரான மதானி சல்தானா. அவரே பிற்பாடு மாநிலத்தின் சுற்றுலா அமைச்சராக ஆனார், 2012இல் மறைந்தார். வலைக்காரர்களின் தலைவர் கையில் சுற்றுலாக் கோப்பு வந்து சேர்ந்ததைவிட அந்த மண்ணின் மாற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லும் செய்தி வேறில்லை.

இரண்டாவது அடி நிலத்தின் பக்கமிருந்து வந்தது. இங்கேதான் எல்லைக்கோடு ஒன்றைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

1981இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடல் ஏற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குக் கட்டடம் வரக் கூடாது என்பது அதன் சாரம். பத்தாண்டு கழித்து, 1991 பிப்ரவரி 19 அன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை சட்டபூர்வமாக வந்தது. 500 மீட்டர் என்பது கட்டுப்பாட்டுப் பகுதி ஆயிற்று. கிராமப்புறக் கரையில் முதல் 200 மீட்டர், புதுக் கட்டடமே கூடாத பகுதி. 2011இல் அறிவிக்கையைப் புதுப்பித்தார்கள். அதன்படி கோவாவுக்கு வரைபடம் தயாராகி ஒப்புதல் கிடைக்க 2022 ஆகிவிட்டது. அதற்குள் 2019 ஜனவரியில் இன்னொரு அறிவிக்கை. 2011 கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்ப்புறக் கரையில் 200 மீட்டர் 50 மீட்டராகச் சுருங்கியது. நெருக்கமாக மக்கள் வாழ்கிற இடத்தில் இன்னும் நெருக்கமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று பொருள். கரையோர மீனவருக்கு வீடு கட்ட இடம் வேண்டாமா என்று இதற்கு ஒரு நியாயம் சொன்னார்கள். மீனவரின் பெயரில் விரியும் சலுகை யார் மனையில் போய் விடுதியாக எழும் என்பது, கடற்கரைத் தெருவில் ஒரு மாலை நடந்து பெயர்ப்பலகைகளைப் படித்தால் தெரிந்துவிடும்.

காண்டோலிம் பக்கம் நடந்தபோது இரண்டு ஷாக்குகளுக்கு இடையில், யாரோ வேலி போட மறந்த துண்டு மணல்மேடு ஒன்றைப் பார்த்தேன். முழங்கால் உயரம்தான். அதன்மேல் அடும்பு படர்ந்திருந்தது: ஆட்டுக் குளம்பைப் போலப் பிளந்த தடித்த இலை, ஊதாப் பூ, கணுவுக்குக் கணு வேர். பக்கத்தில் இராவணன் மீசைப் புல்லின் முள்ளுருண்டை ஒன்று காற்றில் உருண்டுகொண்டிருந்தது. இந்த இரண்டும்தான் கடற்கரையின் கொத்தனார்கள். காற்று கொண்டுவரும் மணலைப் பிடித்து மேடாக்கி, மழைக்காலத்து அலை அந்த மேட்டை அரிக்கும்போது விட்டுக்கொடுத்து, மறுபடி கட்டுகின்றன. கடற்கரை ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. ஆண்டுதோறும் உள்ளே வந்து வெளியே போகிறது. அந்தப் போக்குவரத்துக்கான இடம்தான் 200 மீட்டர். கூடக் கொஞ்சம் நடந்தேன். அடும்பு இருந்த இடம் தாண்டியதும் ஒரு கைப்பிடிச் சுவர், அதன் அடியில் மணல் மூட்டைகள். ஒரு பக்கம் கொடி இலவசமாகச் செய்த வேலையை, மறுபக்கம் செலவு செய்தும் சுவரால் செய்ய முடியவில்லை.

இதே காண்டோலிம் கரையோரத்தில் 2000 ஜூன் மாத மழையில் ‘ரிவர் பிரின்சஸ்’ என்ற இரும்புத் தாதுக் கப்பல் தரைதட்டியது. பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேயே கிடந்து துருப்பிடித்தது. அது அலையின் போக்கை மாற்றியதால் கரை அரிக்கப்படுகிறது என்று ஊரார் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள். ஒரு கப்பலை அப்புறப்படுத்தவே அவ்வளவு காலம் ஆன ஓர் அமைப்பு, கரையில் தரைதட்டி நிற்கும் நூற்றுக்கணக்கான கட்டடங்களை எப்போது அப்புறப்படுத்தும்?

அப்புறப்படுத்துவது எளிதான ஆட்களும் கடற்கரையில் இருக்கிறார்கள். சாய்வு நாற்காலிகளுக்கு இடையே மணிமாலைகளைத் தோளிலும் முழங்கையிலும் தொங்கவிட்டு நடக்கும் லம்பாணிப் பெண்கள். பெரும்பாலும் வட கர்நாடகத்திலிருந்து வருகிறவர்கள். தெலங்கானாவில் தண்டா என்ற குடியிருப்புகளில் வாழும் லம்பாடிகளும் இவர்களும் ஒரே சனம். ஓர் அம்மா என் முன்னால் துணியை விரித்தார். கறுப்புத் துணியில் கண்ணாடிச் சில்லுகள் பதித்த தையல். ஒவ்வொரு சில்லையும் சுற்றி நூலை நெருக்கிக் கோத்துப் பிடித்திருந்தது. பசையால் ஒட்டிய மலிவுச் சரக்கு வேறொரு கட்டில் தனியாக இருந்தது.

“இது நாங்க தெச்சது பையா. அது மார்க்கெட்டுல வாங்குனது. எது வேணும்னு சொல்லுங்க” என்றார் இந்தியில்.

எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். ஹைதராபாத் என்றதும், “நம்ம ஆளுங்க அங்கயும் இருக்காங்க, கட்டட வேலையில” என்றார். பேசிக்கொண்டே இருந்தவர் தொலைவில் காக்கிச் சட்டையைக் கண்டதும் துணியின் நான்கு முனைகளையும் ஒரே இழுப்பில் சேர்த்து மூட்டையாக்கி நடந்துவிட்டார். 2001ஆம் ஆண்டின் சுற்றுலாத் தலப் பாதுகாப்புச் சட்டத்தை 2025இல் திருத்தியிருக்கிறார்கள். பயணிகளை வற்புறுத்தி விற்பது, பிச்சை கேட்பது, திறந்தவெளியில் சமைப்பது போன்றவற்றுக்கு 5 ஆயிரம் முதல் 1 லட்சம் ரூபாய்வரை அபராதம். தூக்கிக்கொண்டு நடந்துவிடக்கூடிய கடைக்குச் சட்டம் உடனே வருகிறது. அஸ்திவாரம் போட்ட கடைக்கு மேல்முறையீடு இருக்கிறது.

இதையெல்லாம் கோவாவின் கதை என்று ஹைதராபாத்காரர் ஒதுக்கிவிட முடியாது. 1562 வாக்கில் இப்ராகிம் குலி குதுப் ஷா காலத்தில் கட்டிய உசேன் சாகர் ஏரியைச் சுற்றி நகரம் எப்படி நெருங்கி வந்தது என்பது நம் கண்முன்னே நடந்தது. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருகி ஊரின் பெரும் பகுதியை அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகுதான் பொறியாளர் விசுவேசுவரய்யாவின் யோசனையில் உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் பிறந்தன. அந்த இரண்டு நீர்த்தேக்கங்களைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள், 84 கிராமங்களில், பெரிய கட்டுமானங்களைத் தடுத்து 1996இல் ஓர் அரசாணை வந்தது. எண் 111. ஹைதராபாத்தில் அந்த எண்ணைத் தெரியாத மனைத்தரகர் கிடையாது. 2022 ஏப்ரலில் அந்தக் கட்டுப்பாடுகளை நீக்கி இன்னொரு அரசாணை வந்தது. இடையில் 2020 அக்டோபர் மழையில் ஏரிகள் தங்கள் பழைய இடங்களைத் தேடிக் குடியிருப்புகளுக்குள் வந்துபோயிருந்தன. 2024 ஜூலையில் ஹைட்ரா என்ற அமைப்பை உருவாக்கி ஏரிக்கரை ஆக்கிரமிப்புகளை இடிக்கத் தொடங்கினார்கள். முழு நீர்மட்டக் கோடு, அதற்கு வெளியே பெரிய ஏரிகளுக்கு 30 மீட்டர் இடைவெளி என்பதெல்லாம் அன்றுமுதல் டீக்கடைப் பேச்சாகின.

1991இல் கடலுக்கு ஒரு கோடு, 1996இல் ஏரிக்கு ஒரு கோடு. 2019இல் கடலின் கோடு சுருங்கியது. 2022இல் ஏரியின் கோடு அழிந்தது. இரண்டையும் வரைந்தது அரசு, இரண்டையும் கலைத்ததும் அரசு. ஹைதராபாத்தின் ஏரிக்கரையில் மனை விற்ற பணம் கோவாவின் மணல்மேட்டில் வில்லா வாங்குகிற காலத்தில், இவை இரண்டு கதைகள் என்று நான் நம்பத் தயாரில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கும் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம்வரை போகும்போது இடதுபுறம் எத்தனை இடத்தில் கடல் கண்ணுக்குத் தெரிகிறது, எத்தனை இடத்தில் மதில்சுவர் தெரிகிறது என்று பார்த்தால் போதும். மாமல்லபுரத்தில் வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் ஒத்தவாடைத் தெரு மீனவர் குடியிருப்பை ஒட்டித்தான் இருக்கிறது. படகு நிறுத்தவும் வலை காயவைக்கவும் இன்னும் இடம் மிஞ்சியிருப்பதற்குக் காரணம் மீனவர்கள் விட்டுக்கொடுக்காமல் நிற்பது.

கோட்டைத் திரும்ப வரைய முடியாது என்பவர்களுக்கு இரண்டு ஊர்கள் பதில். பிலிப்பைன்சின் போரகாய் தீவைக் கழிவுநீர்ப் பிரச்சினைக்காக 2018இல் ஆறு மாதம் மூடினார்கள். ஹாலிவுட் படம் ஒன்றால் பேர்பெற்ற தாய்லாந்தின் மாயா விரிகுடாவை அதே ஆண்டு மூடி, 2022 ஜனவரியில் கட்டுப்பாட்டோடு திறந்தார்கள். மூடிய காலத்தில் அங்கே சுறாக்கள் திரும்பின. இரண்டும் சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் இடங்கள்தான்; மூடியதால் யாரும் அவற்றை மறந்துவிடவில்லை. கோவாக்காரர்களும் இதைச் செய்து காட்டியவர்கள். நிலத்தை வரம்பில்லாமல் திறந்துவிட்ட ‘வட்டாரத் திட்டம் 2011’ என்பதை எதிர்த்து ‘கோவா பச்சாவ்’ இயக்கத்தில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2007இல் அரசு அந்தத் திட்டத்தைத் திரும்பப் பெற்றது. ஓர் அறிவிக்கையால் அழிந்த கோட்டை இன்னோர் அறிவிக்கையால் வரைந்துவிடலாம். வேண்டியது கேட்கிற குரல். அந்தக் குரல் உள்ளூர்க்காரரிடம் மட்டும் இருந்தால் பலவீனம். வந்துபோகும் ஒரு கோடிப் பேரிடமும் இருந்தால் அதற்கு விலை உண்டு.

ஆகவே பை தூக்குகிறவர்களுக்கும் விமானத்தில் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘கெடுத்துவிட்டார்கள்’ என்று சொல்லி அடுத்த கடற்கரைக்கு ஓடாதீர்கள். அங்கே நிலத்தின் விலையை ஏற்றுவதைத் தவிர வேறு எதையும் நாம் செய்யப்போவதில்லை. அறை எடுக்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: கடல் ஏற்றக் கோட்டிலிருந்து இந்தக் கட்டடம் எத்தனை மீட்டர்? நிமிடக் கணக்கில் பதில் சொன்னால் மீட்டர் கணக்கில் திரும்பக் கேளுங்கள். சொல்லத் தெரியாத விடுதியில் தங்காதீர்கள். ஊர் திரும்பியதும் உங்கள் தெருக்கோடி ஏரியைப் பற்றியும் அதே கேள்வியை நகராட்சியிடம் கேளுங்கள்.